காப்பகத்துப் பூனை, சொதி வைக்கிற அன்றைக்கு மட்டும் வெளியே வருகிறது

தார்சா, பாளையங்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கேள்வி. இரண்டும் ஒரே அடுக்களைக்குள் நடக்கிற விஷயம் என்பதால் சேர்த்தே போட்டுவிடுகிறேன்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஒரு காப்பகத்திலிருந்து பூனை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் கலந்த உடம்பு. பல்லைப் பார்த்துவிட்டு ஒன்றரை வயது இருக்கும் என்றார்கள். இடது காது நுனி வெட்டியிருக்கிறது, கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளமாம். குட்டி எடுக்கலாம் என்றுதான் போனோம். குட்டிகள் எல்லாம் ஓடிவந்து காலைச் சுற்றின, இது மட்டும் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, என் மனைவிக்கு அதுதான் பிடித்துப்போனது. காப்பகத்தில் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் கூட அவ்வளவு கேட்கவில்லை. வீட்டில் கிணறு உண்டா, அதற்கு வலை போட்டிருக்கிறதா, மாடியில் கம்பி உண்டா, நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் பெரியவர்கள் சம்மதமா.

கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் பொய் சொன்னேன். ஆச்சிக்கு பூனை என்றாலே ஆகாது. "அது பாட்டுக்குத் தார்சால கெடக்கட்டும், அடுக்களைக்குள்ள மட்டும் வரப்பிடாது" என்று சொல்லித்தான் விட்டாள்.

வந்த பூனை எட்டு நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வந்து தின்றுவிட்டு மறுபடி உள்ளே. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் சொதி, அதாவது தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. ஆச்சி அடுக்களையில் தேங்காய் துருவ உட்கார்ந்தாள், அந்தக் கரகர சத்தம் கேட்டு நாலு நிமிஷம் இருக்காது, பூனை நேராக வந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. எட்டு நாளாக நாங்கள் கெஞ்சியும் வராதது. ஆச்சி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிட்டிகைத் துருவலை எடுத்துப் போட்டாள். அதுவும் தின்றது.

முதல் கேள்வி: சொதியும் சோறும் பிசைந்து பூனைக்கு வைக்கலாமா? எங்களுடையது சுத்த சைவ வீடு, மீன் எல்லாம் வாசலைத் தாண்டாது. நான் இல்லாத நேரத்தில் ஆச்சி ஏற்கெனவே வைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சந்தேகம்.

இரண்டாவது: சொதிக்கு யாராவது ஒழுங்கான அளவு சொல்லுங்கள். ஆச்சியைக் கேட்டால் "கண்ணளவுதாம்ல" என்கிறாள். என் மனைவி அம்பாசமுத்திரம், அவள் வீட்டுச் சொதியில் பூண்டு உண்டு, ஆச்சி பூண்டு போட மாட்டாள். நான் நடுவில் மதில் மேல் பூனை.

பாளை மதினி

தம்பி, முதலில் அந்தத் தட்டை எடு. சொதி பூனைக்கு ஆகவே ஆகாது.

சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாள் தின்றால் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனால் ஈறு வெளிறிப்போய், சோர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த விஷம் போகாது, பொடியாக்கினால் இன்னும் மோசம். நம் வீட்டில் வெங்காயம் இல்லாத குழம்பு எது? அதனால்தான் நான் குழம்பு என்ற பேச்சே கூடாது என்கிறேன். தேங்காய்த் துருவல் ஒரு சிட்டிகை பரவாயில்லை, அதைப் பிழிந்த பால் கொழுப்பு அதிகம், வயிறு இளகும். மாட்டுப்பாலும் அப்படித்தான், வளர்ந்த பூனைக்குப் பாலைச் செரிக்கிற நொதி குறைந்துவிடும். பூனை என்றால் கிண்ணத்தில் பால் என்று நமக்கு ஒரு படம் மண்டைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒளிந்து கிடந்ததற்குக் கவலைப்படாதே. காப்பகத்திலிருந்து எடுக்கிறவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள், மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் ஆனால்தான் இது என் வீடு என்று அதற்குத் தோன்றும். உன் பூனை கணக்குப்படிதான் போகிறது. டிரம்மை நகர்த்தி இழுக்காதீர்கள், கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காதீர்கள், பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள்.

ஆமாம், பெயர் என்ன வைத்தீர்கள்?

முக்கூடல் முருங்கை

சும்மா பயம் காட்டாதீர்கள். எங்கள் வளவில் ஒரு பூனை பதினோரு வருஷம் தயிர்ச்சோறும் குழம்புச்சோறும் தின்றே இருந்தது. ஒரு ஊசி போட்டதில்லை. அந்தக் காலத்தில் பூனைக்குப் பாக்கெட் தீவனமா வாங்கினார்கள்?

கோமாரி

முருங்கை அண்ணாச்சி, கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வளவுப் பூனை ராத்திரி எங்கே போகும்?

மச்சில் எலி, புறவாசலில் ஓணான், அங்கணக்குழியில் கரப்பான், ஓட்டில் அணில். அதுதான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் வைத்த தயிர்ச்சோறு அதற்கு நாம் சாப்பிட்டு முடித்துப் போடுகிற வெற்றிலை மாதிரி. வாய்க்கு ஒரு இது, அவ்வளவுதான். நீங்களோ பதினோரு வருஷமும் அது உங்கள் சோற்றில் வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டீர்கள். வளவிலேயே பிறந்து ஆறு மாதத்தில் செத்த குட்டிகள் எத்தனை என்று யாரும் எண்ணியிருக்க மாட்டோம்.

பூனை மாமிசம் தின்றே ஆகவேண்டிய பிராணி. நாய்க்கு அப்படி இல்லை, ஓரளவு சமாளித்துக்கொள்ளும். டாரின் என்று ஒரு சத்து, மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது, பருப்பிலும் காயிலும் கிடையாது. நம் உடம்பு அதைச் செய்துகொள்ளும், பூனை உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கிவிடும். இது பூனை வளர்ப்பவர்களுக்கே தாமதமாகத் தெரிந்த விஷயம். 1987-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து, பூனைக்கு வருகிற அந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டினார்கள். கடைத் தீவனம் தின்ற பூனைகளுக்கே அப்போது வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் அளவைக் கூட்டின.

தார்சா தம்பியின் பூனை கதவுக்குள் இருக்கிற பூனை, கிணற்றுக்கும் மாடிக்கும் வலை போட்டு வைத்திருக்கிறார். எலி பிடிக்கப் போகாது. அதனால் அதன் எலியை நாம்தான் தட்டில் வைக்க வேண்டும். சைவ வீடு என்றால் பூனைக்கென்று விற்கிற காய்ந்த தீவனம் வாங்குங்கள், பாக்கெட்டில் வளர்ந்த பூனைக்கு முழு உணவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நாய்த் தீவனம் மலிவாக இருக்கிறதே என்று அதைப் போடக்கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தால் பல பூனைகள் கூடுதலாகக் குடிக்கும்.

பேட்டைக்காரன்

எங்கள் வீட்டுப் பூனை போன தீபாவளிக்கு அல்வாப் பொட்டலத்தைக் கடித்துப் பிரித்து நக்கிக்கொண்டிருந்தது. அப்போ அதற்கு இனிப்பு பிடிக்குது என்றுதானே அர்த்தம்?

கோமாரி

நெய் அண்ணாச்சி, நெய். பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர இரண்டு மரபணு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பூனைக் குடும்பத்தில் அதில் ஒன்று செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது, 2005-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். புலிக்கும் அப்படித்தான். நம் ஊர் அல்வாவைப் பூனைக்குக் கொடுத்தால் நெய் தடவிய கோதுமைப் பசை தின்கிற மாதிரி இருக்கும். நல்ல அல்வாவை வீணாக்காதீர்கள்.

கல்லிடை அப்பளம்

பூனைப் பேச்சு முடிந்தது என்றால் சொதிக்கு வருகிறேன். கண்ணளவு கண்ணளவு என்று சொல்லித்தான் பாதி வீட்டில் பழைய சமையல் செத்துப்போச்சு. நான் என் மாமியார் பின்னால் நின்று, அவள் அள்ளி அள்ளிப் போட்டதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டம்ளரில் அளந்து எழுதி வைத்தவள். திட்டு வாங்கினேன், ஆனால் அளவு என்னிடம் இருக்கிறது.

ஐந்து பேருக்கு: நல்ல முற்றின தேங்காய் 2. பாசிப்பருப்பு அரை டம்ளர், 100 கிராம் வரும். காய் என்றால் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப்பட்டாணி, முருங்கைக்காய், எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம், காய் கூடினால் அது கூட்டு. சின்ன வெங்காயம் பதினைந்து இருபது. பூண்டு பத்துப் பல், இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பச்சை மிளகாய் பத்து, இஞ்சி ஒரு விரல் நீளம், எலுமிச்சம்பழம் 1.

தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். ஒண்ணாம் பாலுக்குத் தண்ணீர் கையளவுதான், கெட்டியாக ஒரு டம்ளர். அதைத் தனியாக மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். மிளகாயையும் இஞ்சியையும் அரைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டை முழுசாக எண்ணெயில் வதக்கி, காயைப் போட்டுப் புரட்டி, மூணாம் பாலில் வேகவிட வேண்டும். தண்ணீரில் காயை வேகவைத்துவிட்டுப் பாலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுச் சொதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காய் முக்கால் வெந்ததும் அரைத்த விழுது, உப்பு, தனியாகக் குழைய வேகவைத்த பருப்பு, ரெண்டாம் பால். அது கொதித்து இஞ்சி வாசம் அடங்கட்டும். அப்புறம் தீயைச் சின்னதாக்கி ஒண்ணாம் பால். ஓரத்தில் நுரை கட்டுகிற நேரம் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும், திரிந்ததைச் சரிபண்ண ஒரு வித்தையும் கிடையாது. நெய்யில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். எலுமிச்சை பிழிவது சூடு கொஞ்சம் ஆறின பிறகுதான், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் கட்டாயம். இரண்டு தேங்காய்ப் பாலும் பருப்பும் ஒரே இலையில் போனால் வயிறு கட்டிக்கொள்ளும், அதற்குத்தான் இஞ்சி. கூட உருளைக்கிழங்கு காரக்கறி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் வைக்கிற விருந்து இது, மாப்பிள்ளைச் சொதி என்று பெயரே இருக்கிறது, அதனால் கைச்சுருக்கம் பார்க்காதீர்கள்.

பூண்டு: போட வேண்டும். ஆச்சியிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

குறுக்குத்துறை

மஞ்சள்தூள் போடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மதினி. போன வாரம் ஒரு வீட்டு விசேஷத்தில் மஞ்சள் நிறத்தில் சொதி போட்டார்கள், பேசாமல் ரசத்துக்குப் போய்விட்டேன்.

இடியாப்பச் சிக்கல்

மஞ்சள் போட்டால் அது யாழ்ப்பாணத்துச் சொதி, அதுவும் சொதிதான் ஐயா. தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள், கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, தண்ணியாக இருக்கும், இடியாப்பத்துக்கு ஊற்றிச் சாப்பிடுவது. பருப்பும் காய்கறியும் போட்டு விருந்துக்கு வைப்பது உங்கள் ஊர் முறை. பெயர் ஒன்று, பண்டம் இரண்டு. சண்டை வேண்டாம்.

தார்சா வீட்டுக்காரி

இவர் எழுதியதை இப்போதுதான் படித்தேன். இரண்டு திருத்தம். ஒன்று, பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் எனக்குப் பிடித்தது என்பது பொய், அங்கே இருந்த பெண் "இது நாலு மாசமா இங்கயே இருக்கு, பெரிய பூனைய யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னதால்தான் எடுத்தேன். இரண்டு, பூண்டு விஷயத்தில் இவர் மதில் மேல் பூனை எல்லாம் இல்லை, ஆச்சி பக்கம் உட்கார்ந்து சாப்பிடும்போது ஆச்சி கட்சி, என் அம்மா வீட்டுக்குப் போனால் என் கட்சி.

தார்சா, பாளையங்கோட்டை

சரி, அதை விடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு பயங்கரம் நடந்துபோச்சு, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் தரை முழுக்கக் கழுவுவது வழக்கம். அம்மா ஃபினாயில் கொஞ்சம் தாராளமாக ஊற்றிப் பட்டாசலைத் துடைத்திருக்கிறாள். ஈரம் காய்வதற்குள் பூனை அதன் மேல் நடந்து போய் ஜன்னலில் உட்கார்ந்து காலை நக்கியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வாயில் எச்சில் ஒழுகுகிறது, தள்ளாடுகிறது. ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் ஒரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பூனை என்றதும் "நாளைக்குக் கொண்டாங்க" என்றார்கள். நாளைக்கா! அங்கிருந்து ஆட்டோவில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். காலை நன்றாகக் கழுவிவிட்டு, ஊசி போட்டு, சொட்டு மருந்து ஏற்றி, சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் மறுபடியும் அரிசி டிரம்முக்குப் பின்னால்.

ஆச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேட்டால் வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதமே கிடையாது.

கோமாரி

நல்லவேளை உடனே கொண்டுபோனீர்கள். இதை எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஃபினாயில் இல்லாத வீடே நம் பக்கம் கிடையாது. நம் ஈரல் சில விஷங்களோடு ஒரு சர்க்கரைப் பொருளை ஒட்டி, சிறுநீரில் வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வேலை சரியாக வராது. ஃபினாயில் நமக்கு வெறும் வாடை, பூனைக்கு விஷம். பாராசிட்டமால் மாத்திரையும் இதே காரணத்தால்தான் பூனையைக் கொல்லும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கிறதில் கால் மாத்திரை கொடுத்துவிட்டு மறுநாள் செத்த பூனையோடு வருவார்கள். என் அனுபவத்தில் ஒன்று இரண்டு இல்லை. அந்துருண்டையும் ஆகாது. நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்று போட்டிருந்தால் பூனை பக்கமே கொண்டுபோகக்கூடாது. தோட்டத்தில் செங்காந்தள் கொடி இருந்தால் கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள், நம் மாநிலப் பூதான், ஆனால் அடிமுதல் நுனிவரை விஷம், நமக்கும்தான்.

தரைக்கு வெறும் சோப்புத் தண்ணீர் போதும். துடைத்துக் காயும் வரை பூனை வேறு அறையில் இருக்கட்டும்.

உவரிக்காற்று

சைவ வீட்டில் மீன் அவிக்க முடியாது என்று சொன்னவருக்கு ஒரு யோசனை. என் சம்பந்தி வீடும் அப்படித்தான். புறவாசலில் தனியாக ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு தட்டு, மூன்றும் பூனைச் சாமான் என்று வைத்துவிட்டார்கள், உள்ளே வராது, உள்ளே இருக்கிறது வெளியே போகாது. வாரத்துக்கு ஒரு நாள் மகன் சாளை வாங்கி வந்து அவிப்பான். உப்பு, மஞ்சள், மசாலா ஒன்றும் கூடாது, வெறும் தண்ணீர். பச்சையாகப் போடாதீர்கள், சில மீனில் தயமின் என்ற சத்தை அழிக்கிற பொருள் இருக்கிறது, அவித்தால் அது போய்விடும். அவித்த பிறகு முள்ளை எடுத்துவிட வேண்டும், கோழி எலும்பும் அப்படித்தான், வெந்த எலும்பு ஊசி மாதிரி உடையும். அவித்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள், கோமாரி அண்ணாச்சி சொன்ன அந்த டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் சத்து, ஆறவைத்துத் தீவனத்தின் மேல் ஊற்றினால் அதுவே பூனைக்கு ரசம். ஈரல் ஆசைக்கு ஒரு துண்டு, தினமும் வேண்டாம், வைட்டமின் ஏ கூடிப்போய் எலும்பைக் கெடுக்கும்.

கருவாடு கேட்கவே வேண்டாம். அத்தனையும் உப்பு.

முக்கூடல் முருங்கை

இவ்வளவு சிரமப்பட்டு ஒரு சைவ வீட்டில் எதற்குப் பூனை? முயல் வளர்க்கலாமே, கீரை தின்னும்.

பாளை மதினி

காப்பகத்தில் இருந்தது பூனை அண்ணாச்சி, முயல் இல்லை.

வண்ணாரப்பேட்டை வாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு அஞ்சாவது மாசம் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் காப்பகத்திலிருந்து எடுத்த பூனை இருக்கிறது, இரண்டு வருஷமாக. இப்போது மாமியார் வீட்டில் எல்லோரும் பூனை மயிர் வயிற்றுக்குள் போய்விடும், பிள்ளைக்கு ஆகாது, திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார்கள். ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை. உண்மையிலேயே விட்டுவிட வேண்டுமா?

பாளை மதினி

வேண்டாம் கண்ணு. மயிர் வயிற்றுக்குள் போய்ப் பிள்ளையை ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்கு, அது பூனையின் கழிவில் வரும். ஆனால் விஷயம் என்னவென்றால், வெளியே வந்த உடனே அது தொற்றாது, தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் பண்ணிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது, அந்த வேலையை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடு, ஒன்பது மாசமும் நீ தொடாதே. பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், எலி பிடிக்க விடாதே, பச்சை இறைச்சி போடாதே. உனக்கும் அதே கிருமி வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் வழியாகவும் வரலாம், இதை உன் மாமியாரிடம் சொல்லு. கீரையை மூன்று தண்ணீரில் அலசு. உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லி ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுக்கொள்.

மூச்சிரைப்பு இருக்கிறவர்களுக்கு ஆகாமல் போவது வேறு விஷயம். அதற்கும் காரணம் மயிர் இல்லை, பூனையின் எச்சிலில் இருக்கிற ஒரு புரதம், நக்கி நக்கி மயிரில் ஒட்டிக்கொள்கிறது.

பேட்டைக்காரன்

மணல் தட்டு என்றதும் கேட்கத் தோன்றுகிறது, மணலுக்கு எங்கே போகிறீர்கள்? ஆற்று மணல் இருக்கிற நிலைமையில் வீடு கட்டவே கிடைக்கவில்லை, பூனைக்கு எங்கே?

உவரிக்காற்று

தேங்காய் நார்த்தூள் போடுங்கள். செடிக்கு விற்கிற கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் காயவைத்தால் போதும். வாடையை இழுத்துக்கொள்ளும். சொதிக்குத் தேங்காய், பூனைக்கு அதன் நார்.

குறுக்குத்துறை

புதுப் பூனை கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. கீறினாலோ கடித்தாலோ மஞ்சள் வைத்து அமுக்கிவிட்டு இருக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ போங்கள், வெறிநோய் ஊசி அங்கே இலவசம். எனக்கு அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு தடவை போட்டார்கள், தோலில் போடுகிற ஊசி, எறும்பு கடித்த மாதிரிதான். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். பூனைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை வெறிநோய் ஊசி போட்டுவிடுங்கள்.

கல்லிடை அப்பளம்

வண்ணாரப்பேட்டைப் பிள்ளைக்கு: பூனையை விடாதே, உளுந்தஞ்சோறு பொங்கிச் சாப்பிடு, இடுப்புக்கு நல்லது என்று நம் பக்கத்தில் பெரியமனுஷி ஆன பிள்ளைக்கெல்லாம் போடுவது. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொலி உளுந்து வாசம் வர வறுத்தது, பூண்டு எட்டுப் பல், வெந்தயம் அரை ஸ்பூன், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு, நாலு டம்ளர் தண்ணீர், குக்கரில் நாலு சத்தம். நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும். துவையல், அவியல் எது இருந்தாலும் சரி. எள்ளுத் துவையல் மட்டும் பிள்ளை பெற்ற பிறகு வைத்துக்கொள், எங்கள் வீட்டில் மாசமாக இருக்கும்போது எள் கொடுக்க மாட்டார்கள், எதற்கு வீண் பேச்சு.

பூனைக்கு இதில் ஒரு பருக்கை கூடக் கிடையாது, பூண்டு இருக்கிறது.

தார்சா, பாளையங்கோட்டை

போன ஞாயிற்றுக்கிழமை கல்லிடை மதினி அளவுப்படி சொதி வைத்தோம். மனைவி அடுப்பில், நான் அளவுக் காகிதத்தோடு பக்கத்தில், ஆச்சி துருவிக்கொண்டு.

துருவ ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியும் பூனை வரவில்லை. ஃபினாயில் அன்றைக்குப் பிறகு அடுக்களைப் பக்கமே வராமல்தான் இருந்தது. ஆச்சி துருவியைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தெட்டு வயசு, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது தேங்காய் பாதி போயிருக்கும், டிரம்முக்குப் பின்னால் இருந்து முதலில் மூக்கு வந்தது. "வாட்டி" என்றாள். வந்தது.

மதினி பெயர் கேட்டீர்களே. காப்பகத்தில் ஏதோ இங்கிலீஷ் பெயர் எழுதிக் கொடுத்தார்கள், நாங்களும் கூப்பிட்டுப் பார்த்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது "ஏட்டி" என்றால் வருகிறது. ஆச்சி என் மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவாள், அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் இரண்டு பேர் போகிறார்கள்.

பூண்டு விஷயம் இன்னும் முடியவில்லை. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்று பாளை மதினி எழுதியதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன், அது என் தப்பு. "பாத்தியா, வாயில்லா சீவனுக்கே ஆகலயாம்" என்று மனைவி உரித்து வைத்திருந்த பத்துப் பல்லையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். வெங்காயத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் இரண்டு சட்டி ஆனது. நான் இரண்டிலும் ஊற்றிச் சாப்பிட்டேன். சோப்புத் தண்ணீர், புறவாசல் அடுப்பு, நார்த்தூள் மூன்றும் ஆரம்பித்தாகிவிட்டது. அவித்த சாளைத் தண்ணீர் வாடைக்கு ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், தின்றதா இல்லையா என்று.

கல்லிடை மதினி, பச்சை மிளகாய் பத்து என்றீர்கள், அது நெட்டை மிளகாயா குட்டையா? நாங்கள் குட்டையில் பத்து போட்டோம். அம்மா இன்னும் மோர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.